இலவசமாய் வந்ததை அழிக்கச் சொன்னவள் நான்தான்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் பாதியில் லைக் போட்டுவிட்டுப் போக வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் கல்லூரி படிக்கிற பிள்ளை இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், புது லேப்டாப்பா? திரை வேற மாதிரி இருக்கே" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். புதுசு இல்லை. 2017-ல் என் மகன் வாங்கிக் கொடுத்த அதே பழையதுதான். ஒரு ஓரத்தில் மூடி உடைந்து பிளாஸ்திரி ஒட்டியிருக்கும், வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். அதில் இப்போது லினக்ஸ் ஓடுகிறது. நானேதான் போட்டேன். கடைக்காரர் அரை மணி நேரத்தில் முடிக்கிற வேலைக்கு எனக்கு மூன்று நாள் ஆனது. 64 வயதுக்கு மூன்று நாள் மோசமில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் பெருமை அடித்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. பதிமூன்று பதினான்கு வருடத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விண்டோஸ் 10-க்குக் கம்பெனி கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அன்றைக்கே லேப்டாப் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. அது பாட்டுக்கு ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கிற ஓட்டைகளை அடைக்க இனிமேல் ஆள் வராது. பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் உண்டு, அவ்வளவுதான். என்னுடைய பென்ஷன் கணக்கை நான் அந்த லேப்டாப்பில்தான் திறந்து பார்ப்பேன். கண்ணுக்கு போன் எழுத்து சரிப்படுவதில்லை. அதனால் பயம் வந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், இந்த லேப்டாப்புக்கு அந்தத் தகுதி இல்லை என்று திரையிலேயே எழுதி வந்தது. இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டுமாம். என்னுடையது ஏழு. எட்டாம் வகுப்புக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று நானே எத்தனை பெற்றோரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கடைக்கு எடுத்துப் போனேன். எந்தக் கடை, எந்தத் தெரு என்பதெல்லாம் வேண்டாம். அந்தத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "புதுசு வாங்கிடுங்கம்மா, நாப்பதாயிரத்துக்குள்ள வரும். இல்லன்னா இதுலயே 11 போட்டுத் தர்றேன், ஐந்நூறு ரூபா. சாவி கீவியெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றார்.

சாவி கீவியெல்லாம் நாங்க பாத்துக்குவோம். இதே வார்த்தையை நான் முன்பே ஒரு தரம் கேட்டிருக்கிறேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியதே நம்ம மாவட்டத்தில்தான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் அன்றைக்குத்தான். முதல் ஆண்டுக்குத் திட்டமிட்டதே 9 லட்சம் லேப்டாப்புக்கு மேல். நான் நடுநிலைப் பள்ளி டீச்சர், எங்கள் பள்ளிக்கு லேப்டாப் கிடையாது. ஆனால் எட்டாம் வகுப்பு வரைக்கும் என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் பிளஸ் டூ-வில் வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்து காட்டுவார்கள். அட்டைப்பெட்டியைக்கூடக் கசங்காமல் கொண்டுவருவார்கள்.

அந்த லேப்டாப்பில் இரண்டு சிஸ்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். சென்னையில் இருக்கிற சி-டாக் என்கிற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கி 2007-லிருந்து வெளியிட்டு வருவது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் பாஸ். லேப்டாப்பைத் திறந்ததும் எதில் போகிறாய் என்று கேட்கும். பத்து நொடிக்குள் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் அக்கா மகளுக்கும் அப்படி ஒன்று வந்தது. அவள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வந்தாள். பாஸ் லினக்ஸுக்குள் போய் எதையெதையோ நோண்டி, மெனு எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தாள். கோப்பு, திருத்து, பார்வை, உதவி என்று மேலே தமிழ் எழுத்து வரிசையாக நின்றது. "சித்தி, பாருங்க, கம்ப்யூட்டர் தமிழ்ல பேசுது" என்றாள். 17 வயசுப் பெண் ஆறு வயசுக் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் வேலைக்கு ஆவாதுடி. வெளியில எல்லாரும் விண்டோஸ்தான் கேப்பாங்க. சும்மா குடுத்தது, சும்மா கெடக்கு. அதை எடுத்துட்டு நல்லதா ஒண்ணு போட்டுக்கோ." சொன்னதோடு விடவில்லை. முந்நூறு ரூபாய் கொடுத்து அவள் அண்ணனோடு கடைக்கு அனுப்பினேன். அங்கே மொத்தத்தையும் பார்மட் அடித்து, வேறு விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் லினக்ஸ் போனது. கூடவே அரசு கொடுத்த ஒழுங்கான விண்டோஸும் போய், சாவி இல்லாத திருட்டு விண்டோஸ் வந்தது. சாவியைப் பற்றி அவள் அண்ணன் கேட்டதற்குத்தான் அந்தப் பதில் வந்தது. ஆறே மாதத்தில் வைரஸ் ஏறி, பென்டிரைவ் போட்டால் ஃபோல்டர் எல்லாம் மறைந்துபோகிற நிலைமை. அப்புறம் அந்த லேப்டாப்பில் அவள் சினிமா மட்டும் பார்த்தாள். அதற்கும் அப்புறம் அது பரண் மேலே போனது.

நான் 34 வருஷம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தியவள். "சும்மா சொல்லித் தர்ற பள்ளிக்கூடம்தானே, எப்படி இருக்கும்" என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் பேசும்போது எனக்கு நெஞ்சு எரியும். காசு வாங்காததால் மட்டம் என்று யார் சொன்னது என்று சண்டைக்கே போயிருக்கிறேன், அத்திப்பட்டு சித்தப்பா இதைப் படித்தால் ஒப்புக்கொள்வார். அப்படிப்பட்ட நானே ஒரு நல்ல பொருளைத் திறந்துகூடப் பார்க்காமல், சும்மா வந்தது என்பதற்காகவே மட்டம் என்று தீர்ப்பு எழுதினேன். அதுவும் தமிழில் இருந்ததைத் தமிழ் டீச்சர் அழிக்கச் சொன்னேன். இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். மீதியெல்லாம் எப்படிப் போட்டேன் என்கிற கதை.

கடையிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி என் பழைய மாணவன் ஒருவனுக்கு போன் செய்தேன். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். ஆரம்பாக்கம் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது "கூர்ச்சோ" என்றால் உட்காருவான், "உட்கார்" என்றால் என் முகத்தைப் பார்ப்பான். நம்ம எல்லைப் பக்கப் பள்ளிகளில் இது சகஜம். இன்றைக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறான். அவனும் அந்த இலவச லேப்டாப் பேட்ச்தான். அவன் பாஸ் லினக்ஸை அழிக்கவில்லை. ஏன்டா என்று கேட்டதற்கு, "கடைக்குக் குடுக்கக் காசு இல்ல டீச்சர். விண்டோஸ் பக்கம் கெட்டுப்போச்சு, இன்னொரு பக்கம் ஓடிச்சு. ஓடுறதுல உக்காந்துட்டேன்" என்றான். ஐடிஐ முடித்து வேலைக்குப் போன இடத்தில், பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று கேமரா வைத்துப் பார்க்கிற மெஷினின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருந்ததாம். மற்றவர்கள் கறுப்புத் திரையைப் பார்த்துத் தள்ளி நின்றபோது இவன் பயப்படவில்லை. "அதனாலதான் உனக்கு வேலை உசந்ததா?" என்று ஆசையாகக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர், ஷிப்டு மாறுச்சு, அவ்ளோதான்" என்று சிரித்தான். நான் கதை கட்டப் பார்த்தேன், அவன் விடவில்லை.

அவன்தான் எனக்குப் போனில் குரு.

முதலில் அவன் சொன்னது: "எதையும் தொடறதுக்கு முன்னாடி உங்க படம், பைல் எல்லாத்தையும் ரெண்டு எடத்துல காப்பி எடுங்க டீச்சர்." அந்த லேப்டாப்பில் 1990-களிலிருந்து எல்லா எட்டாம் வகுப்புக் குரூப் போட்டோவும் ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லாரும் அதில் இருக்கிறீர்கள். வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு காப்பி, மகன் லேப்டாப்பில் ஒரு காப்பி. இதற்கே முதல் நாள் போய்விட்டது.

லினக்ஸில் பல வகை உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயதுப் பின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1983-ல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் யாரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருள்களை உருவாக்குகிறேன் என்று அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்து வளர்ந்தவைதான் இத்தனையும். தமிழில் இதைக் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். நல்ல சொல். விலையில்லாதது என்பது அதில் ஒரு பகுதி, கட்டில்லாதது என்பதுதான் பெரிய பகுதி. எனக்குப் புதுப் பெயர்களில் உபுண்டு, மின்ட் இரண்டும் காதில் விழுந்தன. "உங்களுக்கு மின்ட். அதுலயும் எக்ஸ்எஃப்சிஇ-ன்னு ஒண்ணு இருக்கும், அதை எடுங்க, நாலு ஜிபி ராமுக்கு அதுதான் லேசா இருக்கும்" என்றான். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். அதற்குள் என் லேப்டாப் முந்திக்கொள்கிறதா, நான் முந்திக்கொள்கிறேனா பார்க்கலாம்.

கிட்டத்தட்ட மூன்று ஜிபி பைல். போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினேன். எட்டு ஜிபி பென்டிரைவில் அதை இழுத்துப் போட்டேன். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். பழையபடி விண்டோஸ்தான் வந்தது. மூன்று தரம் செய்தும் அதேதான். போன் போட்டால், "காப்பி பண்ணா போதாது டீச்சர், எழுதணும்" என்கிறான். நெல்லைப் பானையில் கொட்டி வைத்தால் சோறாகிவிடுமா? பலேனா எட்சர் என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. பைலைக் காட்டி, பென்டிரைவைக் காட்டி, பொத்தானை அழுத்தினால் அதுவே எழுதிவிடுகிறது. பென்டிரைவில் ஏற்கனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், அதனால் காலி பென்டிரைவாகப் பாருங்கள். பிறகு லேப்டாப் ஆன் ஆகும்போதே ஒரு பட்டனைத் தட்டி, பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். சில கம்பெனிக்கு எஃப்12, சிலதற்கு எஃப்9, சிலதற்கு எஸ்கேப். எனக்கு எது என்று கண்டுபிடிப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பேரன் வந்து, "பாட்டி, வீடியோ கேம் ஆடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவ்வளவு வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

திரையில் மின்ட் வந்தது. இங்கேதான் நான் முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டிய ஒரு விஷயம். இன்ஸ்டால் செய்யாமலேயே பென்டிரைவிலிருந்து முழுசாக ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருக்கிற விண்டோஸை அது தொடாது. புடவைக் கடையில் பிரித்துத் தோளில் போட்டுப் பார்க்கிற மாதிரி. பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவை எடுத்துவிட்டு எழுந்து போகலாம். ஒரு நாள் முழுக்க அப்படியே ஓட்டினேன். சத்தம் கேட்கிறதா, கேமரா வருகிறதா, பேங்க் பக்கம் திறக்கிறதா, யூடியூப் ஓடுகிறதா என்று பார்த்தேன். எல்லாம் வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. மனசு உட்கார்ந்துவிட்டது. இதைத்தான் ஊரில் எல்லாரும் சொன்னார்கள், லினக்ஸ் என்றால் ஏதாவது ஒன்று வேலை செய்யாது என்று. குரு சொன்னான்: "போனை ஒயர்ல சொருகி, யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. நெட் வந்ததும் டிரைவர் மேனேஜர்னு இருக்கும், அதைத் தெறங்க." திறந்தேன். வைஃபைக்கு ஒரு டிரைவர் இருக்கிறது, போடட்டுமா என்று கேட்டது. போடச் சொன்னதும் வைஃபை வந்துவிட்டது. இன்ஸ்டால் செய்த பிறகு இதே வேலையை இன்னொரு தரம் செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் இன்ஸ்டால். மொழி கேட்டது. பட்டியலில் கீழே கீழே போனால் தமிழ் என்று தமிழ் எழுத்திலேயே இருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எங்கே போடட்டும் என்று கேட்கிற பக்கம் வரும். அதுதான் பயப்பட வேண்டிய ஒரே பக்கம். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே போடட்டுமா, டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டுப் போடட்டுமா என்று கேட்கும். பக்கத்தில் போடச் சொன்னேன். இந்தத் தரம் எதையும் அழிப்பதாக இல்லை. தெரியாத பக்கமாக வந்தால் பின்னால் போகிற பொத்தானை அழுத்துங்கள், இன்ஸ்டால் என்பதை அழுத்தி உறுதி சொல்கிற வரைக்கும் அது எதையும் மாற்றாது. மற்றதெல்லாம் பெயர், பாஸ்வேர்டு, கொல்கத்தா நேரம். 20 நிமிடம் காபி குடித்துக்கொண்டு பார்த்திருந்தேன்.

ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை கொடுத்தபோது பாஸ்வேர்டு கேட்டது. தட்டுகிறேன், ஒரு எழுத்தும் விழவில்லை, புள்ளிகூட வரவில்லை. கீபோர்டு போய்விட்டது என்று நினைத்து அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். சில கட்டளைகள் பாஸ்வேர்டு கேட்கும்போது அடிப்பது எதையும் அங்கே காட்டாதாம். அடித்துவிட்டு என்டர் தட்டினால் போதுமாம். எந்தப் புத்தகமும் இதை முதல் பக்கத்தில் சொல்வதில்லை. தெரிந்தவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது. நாம் ஒன்றாம் வகுப்புக்குப் போய், சிலேட்டை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்று சொல்லித்தராமல் அ எழுதச் சொல்கிற மாதிரிதான்.

தமிழ் தட்டச்சுக்கு வருகிறேன், டீச்சர்கள் கவனிக்கவும். இன்புட் மெத்தட் என்ற இடத்தில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையும் வருகிறது, அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிற முறையும் வருகிறது. என் பிரச்சினை வேறு. பழைய வினாத்தாள்கள் எல்லாம் வானவில், பாமினி எழுத்துருவில் அடித்தவை. புது சிஸ்டத்தில் திறந்ததும் கோழி கிளறின மாதிரி இங்கிலீஷ் எழுத்தும் குறியுமாக வந்தது. லினக்ஸ் கெடுத்துவிட்டது என்று குருவிடம் சண்டைக்கு நின்றேன். அது லினக்ஸ் செய்த வேலை இல்லை. அந்த எழுத்துருக்களில் நாம் தமிழை ஆங்கில எழுத்தின் இடத்தில் மறைத்து வைத்திருந்தோம். எழுத்துரு இல்லாத எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் அப்படித்தான் வரும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அரசாணை போட்டது. நாம்தான் கேட்கவில்லை. பழைய எழுத்துரு பைலை மின்ட்டிலும் சேர்த்துவிட்டால் பழைய தாள்கள் சரியாகத் தெரிகின்றன. சேர்த்துவிட்டேன். புதிதாக அடிப்பதெல்லாம் யூனிகோடு, லிப்ரே ஆபீசில்.

எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். டாலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு விண்டோஸ் வேண்டும். ஆபீசில் எக்செல்லில் பெரிய பெரிய மேக்ரோ வைத்திருப்பவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் சரியாக ஒத்துவராது. டிஜிட்டல் கையெழுத்து டாங்கிள் சொருகி வேலை செய்கிறவர்கள் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். என் பிரின்டர் இன்னும் மக்கர் பண்ணுகிறது, அதற்காகவே மாதம் ஒரு தரம் விண்டோஸ் பக்கம் போகிறேன், நெட்டைத் துண்டித்துவிட்டு. லினக்ஸ் ஆட்கள் சிலர் விண்டோஸ் வைத்திருப்பவர்களைப் பாவம் செய்தவர்கள் மாதிரி பேசுகிறார்கள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாக வருகிறவரைத் திட்டினால் அவர் திரும்பிப் போய்விடுவார். வாசல் வரை வந்து நிற்கிற முதல் வகுப்புப் பிள்ளையை அதட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கேரளத்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்று மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே 2001-ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், 2017-லிருந்து கைட் என்கிற நிறுவனமாக நடக்கிறது. அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் முழுக்கக் கட்டற்ற மென்பொருளில்தான். உபுண்டுவை வைத்துத் தங்கள் பாடத்துக்கும் மலையாளத்துக்கும் ஏற்ற மாதிரி தாங்களே தொகுத்துக்கொள்கிறார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஆசிரியர்களுக்கு ஆசிரியர்களே பயிற்சி கொடுத்தார்கள் என்பது. பொருளைக் கொடுப்பதற்குப் பக்கத்திலேயே, பக்கத்தில் உட்காருகிற ஆளையும் கொடுத்தார்கள். இங்கே பிள்ளைகள் கையில் பொருள் வந்தது. பக்கத்தில் உட்கார வேண்டிய ஆள் நான். நான் உட்காராமல், கடைக்குப் போ என்றேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று இப்போது சொல்லலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, அவளாகவே தமிழுக்கு மாற்றினாளே.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், மறுபடியும் லேப்டாப் வருகிறது. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்தார்கள். உங்களில் பலருடைய பிள்ளைகள் அந்த வயதில் இருக்கிறார்கள். அன்றைக்கு அட்டைப்பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவர்கள் நீங்கள். இன்றைக்கு உங்கள் பிள்ளை அதே பெட்டியோடு உங்கள் முன்னால் நிற்பான். ஆன் செய்யும்போது இரண்டு பெயர் வருகிறதா என்று பாருங்கள். பாஸ் என்று ஒன்று இருந்தால், "இது எதுக்கு, எடுத்துடு" என்று தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். அது இருப்பதால் விண்டோஸுக்கு ஒன்றும் கெடுதல் இல்லை, பெரிதாக இடமும் அடைக்காது. பிள்ளை உள்ளே போய் நோண்டட்டும். நம்ம ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ முடித்துவிட்டு சிப்காட்டுக்கோ தேர்வாய் கண்டிகைக்கோதான் வேலைக்குப் போகிறார்கள். அங்கே எந்த மெஷினில் எந்தத் திரை இருக்கும் என்று நமக்கு என்ன தெரியும்?

இன்னொரு எச்சரிக்கை. புது லேப்டாப்பில் நீங்களாக லினக்ஸ் சேர்க்கப் போனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-ல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம், பிட்லாக்கர் என்பார்கள். அதன் மீட்புச் சாவி 48 இலக்க எண். அதை முதலில் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளாமல் எதையும் தொடாதீர்கள். இல்லையென்றால் உங்கள் சொந்தப் படங்களே உங்களுக்குத் திறக்காது. பழைய லேப்டாப்பில் பழகிவிட்டுப் புதியதைத் தொடுவது உத்தமம். பரணில் இல்லாத வீடு உண்டா?

படிக்க வேண்டும் என்பவர்களுக்கு, கணியம் என்று ஓர் இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. து. நித்யா எழுதிய எளிய தமிழில் குனு லினக்ஸ் புத்தகமும் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. இலவசம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் இப்போது என்ன தோன்றுகிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று அக்கா மகளுக்கு போன் செய்தேன். திருத்தணிப் பக்கம் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். அந்த லேப்டாப் கதையைச் சொல்லி, தப்பு பண்ணிட்டேன்டி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எனக்கு ஞாபகம் இருக்கு சித்தி. கோப்புன்னு இருந்துச்சு. நீங்க சொன்னீங்கன்னு எடுத்துட்டேன்" என்றாள். பிறகு அவளே, "அது இன்னும் அம்மா வீட்டுப் பரண்லதான் கெடக்கு, எலி கடிக்காம இருந்தா எடுத்துட்டு வர்றேன்" என்றாள். அதில் இரண்டு ஜிபி ராம்தான் இருக்கும், கூட ஒன்று வாங்கிப் போட வேண்டியிருக்கும் என்று குரு சொல்லியிருக்கிறான்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறாள். அவனும் நைட் ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்கி எழுந்து பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். பரணில் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிற தூரம்தான், வீடு தெரியாதவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள். சார்ஜரை மறக்காமல் எடுத்துவாருங்கள். எட்டு ஜிபி காலி பென்டிரைவ் ஒன்று வேண்டும். படங்களைக் காப்பி எடுத்துவிட்டு வாருங்கள், இங்கே வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றால் சாயந்திரம் ஆகிவிடும். எத்தனை பேர் என்று சனிக்கிழமைக்குள் சொன்னால் இட்லிக்கு மாவு அரைத்து வைப்பேன்.